அப்பா குரல்ல ஒரு டிக்கெட்

கதவு நல்லாச் சாத்தியிருக்கா மேடம்? இல்ல இல்ல, ஓடிப் போறதுக்காகக் கேக்கல. வெளிய அந்த நீல நாற்காலியில எங்கப்பாவும் அம்மாவும் உக்காந்திருக்காங்க. நான் சொல்றது அவங்க காதுல விழக்கூடாது, அதான். எங்கப்பாவுக்குப் பேச்சுதான் போச்சு, காது முன்னைவிடக் கூர்மையாயிருச்சு. நான் பிரிட்ஜைத் தெறந்தாலே பக்கத்து ரூம்லேர்ந்து சுவத்தைத் தட்டுவாரு.

சரி, சொல்றேன். அதான் கவுண்டர்லயே சொன்னேனே, நான்தான் பண்ணேன்னு. திருட்டெல்லாம் இல்ல மேடம். உங்க விமானத்துல பறந்து சேத்த அந்த மைல்ஸ் எங்கப்பாவோடது. டிக்கெட்டு எங்கப்பா பேர்ல. போன்ல கேட்டதும் எங்கப்பா குரல்தான். என்ன, அந்தக் குரல் என் வாயிலேர்ந்து வந்துச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

சிரிக்க மாட்டீங்க போலிருக்கே. எங்க ஹெட்மாஸ்டரும் இப்படித்தான். ஒரு தடவை ஸ்கூல் மைக்ல அவரு குரல்லயே, மாணவச் செல்வங்களே, இன்று கடைசி இரண்டு பாடவேளை கிடையாது, அமைதியாகக் கலைந்து செல்லவும்னு சொல்லிட்டேன். மொத்த ஸ்கூலும் காலி. வாத்தியாருங்ககூடப் பையத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க. அவரும் இப்படித்தான் மேடம், கன்னத்துல கை வச்சுக்கிட்டு, உங்களை மாதிரியே ஒரு கண்ணை மட்டும் சுருக்கி, நீயெல்லாம் உருப்படுவியான்னாரு. நான் அவரு குரல்லயே, சந்தேகம்தான் சார்னேன். அப்புறம் ஒரு வாரம் வீட்ல.

சரி சரி, விஷயத்துக்கு வரேன். அந்தச் சின்ன விமானம் கிளம்பறதுக்கு இன்னும் நேரம் இருக்குல்ல? இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் வேகமாச் சொல்லிடுறேன். அது ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணுதான் போகும். இன்னிக்கு விட்டா... விட்டுட்டா அவ்வளவுதான்.

எங்கப்பா பிஸ்கட் கம்பெனிங்களுக்கு மிஷின் ரிப்பேர் பாக்குறவரு. பாத்தவரு. பிஸ்கட்டைக் கவர்ல போட்டு ஒட்டும் பாருங்க, அந்த மிஷின். எங்க நின்னுபோனாலும் இவருக்குத்தான் போன் வரும். ராத்திரி வந்து துணியைக் கழட்டிப் போட்டா வீடே வெண்ணெய் வாசனையடிக்கும். நான் சின்னப் பையனா இருக்கும்போது அவரு சட்டையைக் கடிச்சுப் பாத்திருக்கேன். நெஜமாத்தான். சோப்பும் துணியுமா ஒரு ருசி.

மாசத்துல பாதி நாள் பறந்துக்கிட்டேதான் இருப்பாரு. அப்படிப் பறந்து பறந்து உங்க கம்பெனியில மைல்ஸ் சேந்துச்சு. உங்களுக்குத் தெரியாததா, பறந்த தூரத்துக்குப் புள்ளி குடுப்பீங்க, அது சேந்தா சும்மா ஒரு டிக்கெட் குடுப்பீங்க. கூட வேலை பாக்குற மாமாங்க எல்லாம் அதை வச்சு முன்னாடி பெரிய சீட்டுல காலை நீட்டிட்டுப் போவாங்க. இவரு தொடவே மாட்டாரு. அம்மா கேப்பாங்க. இருங்க, அம்மா குரல்ல சொல்றேன், அப்பத்தான் புரியும். ஏங்க, அந்த மைலை என்ன ஊறுகாயா போடப்போறீங்க?

பாத்தீங்களா, இப்ப லேசா உதடு அசைஞ்சுச்சு. அசைஞ்சுச்சு மேடம், நான் பாத்தேன்.

அவரு எதுக்குச் சேத்து வச்சாருன்னா, ஒரு ஊர். ஒரு தடவை ஏதோ ஒரு பல்சக்கரம் வந்து சேராம அந்த ஊர்ல அஞ்சாறு நாள் சும்மா இருந்திருக்காரு. கடலுக்குள்ள நீளமா ஒரு மரப்பாலம், அது மேல கடல்நாயெல்லாம் ஏறிப் படுத்திருக்குமாம். நாம நடந்து போனா எழுந்திருக்காதாம். தலையை மட்டும் தூக்கி, வீட்டுக்காரன் வாடகைக்கு வந்தவனைப் பாக்குற மாதிரி பாக்குமாம். எங்கப்பா வீட்டுக்கு வந்து ஹால்ல துண்டை விரிச்சுப் படுத்து, கழுத்தைத் தூக்கி அது மாதிரியே கத்திக் காமிச்சாரு. கீழ்வீட்டு ஆளு மேல வந்து கதவைத் தட்டிட்டாரு, யாருக்காவது உடம்பு சரியில்லையான்னு. எல்லாரும் நினைக்கிறாங்க இந்தக் குரங்குப் புத்தி எனக்குத் தானா வந்துச்சுன்னு. கிடையாது மேடம். அவரு கத்தினதும் அன்னிக்கே நானும் கத்தினேன். அதுதான் என்னோட முதல் குரல்.

அம்மாவுக்கு ஒரே கோவம். நீங்க மட்டும் எல்லாத்தையும் பாத்துட்டு வருவீங்க, நாங்க உங்க வாயில பாக்கணுமான்னு. அப்பதான் அப்பா சொன்னாரு, மூணு பேரும் போவோம்னு.

ஆனா உங்க கம்பெனி விமானம் அந்த ஊருக்குப் போகாது. உங்களோட கூட்டு வச்சிருக்கே இன்னொரு கம்பெனி, அதோட குட்டி விமானம்தான் போகும். உங்க மைலை வச்சு அவங்க விமானத்துல போலாம். அதுலதான் எங்கப்பாவுக்குக் கொள்ளைப் பெருமை. அந்த சீட்டெல்லாம் கம்ப்யூட்டர்ல காட்டாதுடா, போன் பண்ணித்தான் கேக்கணும், அவன் நமக்குன்னு விடுறதே ரெண்டோ மூணோதான், யாராவது வேணாம்னா திரும்ப வரும், சும்மா சும்மா கேட்டுக்கிட்டே இருக்கணும்பாரு. ஞாயித்துக்கிழமையானா ஸ்பீக்கர்ல போட்டுட்டு ஷூவுக்கு பாலிஷ் போடுவாரு. எங்க வீட்டுக் கல்யாண வீடியோவைவிட அந்த வெயிட்டிங் மியூசிக்கைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும். டிங் டிடிங்.

அது நான்தான் மேடம், போன் இல்ல. போனை எடுத்துப் பாக்காதீங்க.

அப்பா குரலா? அது வேணாம். யாரு குரல் வேணா கேளுங்க, செக்யூரிட்டி அண்ணன், கவுண்டர்ல இருந்தாங்களே அந்தக்கா, நீங்க கேட்டா உங்க குரல்கூட. அப்பா குரல் இங்க வேணாம். அம்மாவுக்குக் கேட்டுரும்.

ஏன்னா, ஒரு தடவை கேட்டுருச்சு.

அவருக்குத் தொண்டையில கட்டி. ஆபரேஷன் பண்ணிக் குரல்பெட்டியையே எடுத்துட்டாங்க. கழுத்துல ஒரு ஓட்டை இருக்கு, அதுக்கு மேல சின்னத் துணி கட்டியிருக்காரே, பாத்திருப்பீங்க. மூச்செல்லாம் அது வழியாத்தான். பேச முடியாது. எழுதி எழுதி அழிக்கிற சிலேட்டு ஒண்ணு எப்பவும் கையில இருக்கும். அதுலயும் மனுஷன் பிழையில்லாமதான் எழுதுவாரு, முற்றுப்புள்ளியெல்லாம் வச்சு.

முன்னாடியெல்லாம் அவரு ஊர்ல இல்லாதப்ப நான் பாத்ரூமுக்குள்ள நின்னுக்கிட்டு, ஏம்மா என் துண்டு எங்கன்னு அவரு மாதிரி கத்துவேன். அம்மா துண்டை எடுத்துக்கிட்டுப் பாதி தூரம் வந்துட்டு, அவருதான் ஊர்லயே இல்லையேன்னு ஞாபகம் வந்து அதே துண்டால என்னை அடிப்பாங்க. செம ஜாலியா இருக்கும். அந்தப் பழக்கம் மேடம். அவரு ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து கொஞ்ச நாள்ல, நான் குளிச்சிட்டுத் தலையைத் துவட்டிக்கிட்டே, யோசிக்கவே இல்ல, அது பாட்டுக்கு வாயில வந்துருச்சு. ஏம்மா, என் துண்டு எங்க?

அம்மா அடுப்படியிலேர்ந்து ஓடி வந்தாங்க. கையெல்லாம் சோப்பு நுரை. வந்து என்னைப் பாத்தாங்க. அடிப்பாங்கன்னு தலையைக் குனிஞ்சு நின்னேன். அடிக்கல. அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. குழாய்த் தண்ணி ரொம்ப நேரம் கொட்டிக்கிட்டே இருந்துச்சு.

அப்பா? அவரு கட்டில்ல உக்காந்து சிரிச்சாரு. சத்தம் வராதுல்ல, தோள் மட்டும் குலுங்கும். ஆனா அப்புறம் வீட்ல நான் அந்தக் குரலை எடுத்ததே இல்ல. எடுத்தது போன்ல மட்டும்தான்.

வரேன் மேடம், அதுக்குத்தான் வரேன்.

ஆபரேஷனுக்கு முந்தின வாரம் அவரே போன் பண்ணி டிக்கெட் போட்டுட்டாரு. என் பரீட்சை முடிஞ்சு லீவு வருதுல்ல, இந்தத் தேதிக்கு. ஆமா, ரொம்ப முன்னாடியே போட்டாதான் அந்த சீட் கிடைக்கும். வழக்கமா ஹால்ல ஸ்பீக்கர்ல பேசுறவரு, அன்னிக்கு மாடிக்குப் போய் மொட்டை மாடிக் கதவைச் சாத்திட்டுப் பேசினாரு. சிக்னல் இல்லைன்னாரு. கீழ வந்து, ரெண்டு சீட்தான் கிடைச்சுச்சுன்னாரு. அந்தக் கம்பெனிக்காரன் ரெண்டுதான் விட்டான், நீயும் அம்மாவும் போயிட்டு வாங்க, நான்தான் ஏற்கெனவே பாத்தாச்சேன்னாரு.

அம்மா நம்பிட்டாங்க. நானும்தான். விமானம், மைல் பத்தியெல்லாம் அவரு சொன்னா சொன்னதுதான், எங்க வீட்ல எதிர்ப்பேச்சே கிடையாது.

ஆனா அவருதானே மேடம் சொல்லிக் குடுத்தாரு, திரும்பத் திரும்பக் கேட்டா சீட் வரும்னு? இப்ப அவரால போன் பண்ணிக் கேக்க முடியாது. சும்மா இருக்க முடியுமா? பிறந்த தேதி, கார்டு நம்பர், எல்லாம் எனக்கு மனப்பாடம். அவரு ஸ்பீக்கர்ல கத்திக் கத்திச் சொல்லி, கீழ்வீட்டு ஆளுக்கே மனப்பாடமாயிருக்கும். ஒரு நாள் ஸ்கூல் விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டு பின்னாடி நின்னு போன் பண்ணேன்.

ஒரு அக்கா எடுத்தாங்க. கூட்டுக் கம்பெனி டிக்கெட்டுக்குன்னு அங்க நாலஞ்சு பேர்தானாம், எங்கப்பா அத்தனை பேருக்கும் பழக்கம். நம்பரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே, சார் நீங்களான்னாங்க. நான் மூணாவது ஆளுக்கு, அதாவது எனக்கு, அதாவது அப்பாவுக்கு ஒரு சீட் வேணும்னேன். பாத்தாங்க. இருந்துச்சு. போட்டுட்டாங்க. மூணும் ஒண்ணா. அவ்வளவுதான் மேடம் கேசு.

இதை நான் யாருகிட்டயும் சொல்லல. ஏன்னா ஒரு பிளான் இருந்துச்சு. அப்பா எங்களை ஏத்திவிட இங்க வருவாரு. கவுண்டர்ல அந்தக்கா மூணு பேரான்னு கேப்பாங்க. அம்மா ரெண்டும்பாங்க. அந்தக்கா மூணும்பாங்க. அம்மா முழிப்பாங்க. அப்பா முழிப்பாரு. நான் டொட்டடொய்ங்னு கையை விரிப்பேன். அவரு துணிமணி, அந்தக் கழுத்துத் துணி, மாத்திரை, எல்லாம் என் பெட்டிக்குள்ள வச்சுட்டேன். அடையாள அட்டை எப்பவும் அவரு பர்சுல இருக்கும். என் வாழ்க்கையிலயே பெரிய குறும்பு மேடம், எந்தப் பக்கம் பாத்தாலும் ஓட்டையே இல்ல.

ஒண்ணே ஒண்ணைத்தான் மறந்துட்டேன். அவரு பொய் சொல்லத் தெரியாத ஆளு. கவுண்டர்ல அந்தக்கா, இந்த மூணாவது டிக்கெட்டை நீங்கதானே சார் போன் பண்ணிப் போட்டீங்கன்னு சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாங்க. இவரு சிலேட்டை எடுத்தாரு. நான் போன் செய்யவில்லை. முற்றுப்புள்ளி. நான் கையை விரிச்சபடி அப்படியே நிக்கிறேன். அந்தக்கா கம்ப்யூட்டரைப் பாக்குறாங்க, அப்பா கழுத்தைப் பாக்குறாங்க, அப்ப போன்ல பேசினது யாருங்கறாங்க. நான்தான்னேன், நம்பல. உடனே மைல் கணக்கை முடக்கி, மூணு டிக்கெட்டையும் நிறுத்தி, உங்களைக் கூப்பிட்டாங்க. அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன். யாரோ எங்கப்பா மைலைத் திருடுறாங்கன்னு அவங்க பயந்தது எங்கப்பாவுக்காகத்தானே.

இப்ப என்ன மேடம், நான் செஞ்சது தப்புன்னா என்னை இங்கயே உக்கார வச்சுக்கோங்க. என் டிக்கெட்டைக் கிழிங்க. அவங்க ரெண்டு பேரையும் மட்டும் ஏத்தி விட்டுருங்க. நான் பஸ் புடிச்சு வீட்டுக்குப் போயிடுவேன். சத்தியமா.

ஏன் இவ்வளவு அவசரமா? அடுத்த மாசம் போகலாமேங்கறீங்களா?

போலாம்தான். லீவு... லீவு முடிஞ்சுரும்ல. அம்மாவுக்கும் ஆபீஸ்ல சும்மா சும்மா விட மாட்டாங்க. அம்மாவோட ஆபீசர் குரல் கேட்டிருக்கீங்களா, தகர டப்பாவுக்குள்ள தவளை விழுந்த மாதிரி...

இல்ல. பேச்சை மாத்தல.

நீங்க உங்க வேலையில கெட்டிக்காரங்க மேடம். ஹெட்மாஸ்டர் இந்த இடத்துல என்னை அனுப்பியிருப்பாரு.

சரி. சீட் போட்டுக் குடுத்த அந்தப் போன் அக்கா இன்னும் கொஞ்சம் பேசினாங்க. சீட் இருக்கான்னு நான் கேட்டதும், என்ன சார், அன்னிக்கே நாலு சீட் இருக்குன்னு சொன்னேனே, நீங்கதானே ரெண்டு போதும்னீங்கன்னாங்க.

நாலு சீட் இருந்திருக்கு. அந்தக் கம்பெனி கஞ்சத்தனம் பண்ணவே இல்ல. பொய் சொல்லத் தெரியாத மனுஷன்னு சொன்னேன்ல, ஒரே ஒரு பொய், அதையும் எங்ககிட்டயே சொல்லிட்டாரு.

போனை வச்சிருக்கலாம். ஆனா அப்பா குரல்ல இருக்கேன் மேடம், பாதியில எப்படி விடுறது? ம், ம்னேன். அந்தக்கா அப்படியே பேசிக்கிட்டே போறாங்க. குரல் மாறிடுச்சு அவங்களுக்கு. சார், உங்களை நினைக்காத நாளில்ல சார். ஆபரேஷனுக்கு அப்புறம் பேச்சு வராது, இதுதான் கடைசியா போன் பண்றதுன்னீங்க. அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். ஆனா அதுக்கு மேல, என் சம்சாரத்துக்கும் பையனுக்கும் மட்டும் போடுங்கம்மா, அந்த லீவு வர்றப்ப நான் இருக்க மாட்டேன், டாக்டர் சொல்லிட்டாரு, வீட்ல இன்னும் சொல்லல, அவங்க எங்கயாவது போயிட்டு வந்தா நல்லதுன்னீங்களே, அன்னிக்கு நான் சாப்பிடவே இல்ல சார். இப்ப பாருங்க, குரல் கணீர்னு இருக்கு. மூணாவது சீட் கேக்குறீங்க. அப்படின்னா எல்லாம் சரியாயிடுச்சா சார்?

தண்ணி வேணாம் மேடம். இருக்கட்டும்.

சைக்கிள் ஸ்டாண்டு பின்னாடி பசங்க யாரோ பந்து விளையாடிக்கிட்டிருந்தாங்க. எங்கப்பா நல்ல சேதி சொல்றதுக்கு முன்னாடி எப்பவும் தொண்டையைக் கனைப்பாரு. நானும் கனைச்சேன். ஆமாம்மா, டாக்டர் தப்பாச் சொல்லிட்டாரு, எல்லாம் சரியாப் போச்சும்மான்னேன். அவரு மாதிரியே சொன்னேன், ஒரு எழுத்து பிசகல. அந்தக்கா அழுதுட்டாங்க. சந்தோஷத்துல. பக்கத்துல இருந்தவங்களையெல்லாம் கூப்பிட்டு, நம்ம பிஸ்கட் சாருக்குச் சரியாயிடுச்சாம்னு சொன்னாங்க. அங்க கைதட்டுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு மேடம்.

இத்தனை வருஷமா எத்தனையோ பேரை ஏமாத்தியிருக்கேன், ஒருத்தருகூட அவ்வளவு சந்தோஷப்பட்டதில்ல.

அவரு கணக்குப்படி இன்னிக்கு அவரு இருக்கக்கூடாது. ஆனா இருக்காரு. வெளிய நாற்காலியில உக்காந்து, பையன் என்ன வம்பு பண்ணி வச்சானோன்னு கையைப் பிசைஞ்சுக்கிட்டிருக்காரு. அடுத்த மாசம்னு நீங்க சொன்னா அது நியாயம்தான், உங்களுக்கு ரூல்ஸ் இருக்கும். அடுத்த மாசத்தைப் பத்தி எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது.

நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணணும். அந்தப் போன் அக்காவைக் கூப்பிட்டு விசாரிக்காதீங்க. அவங்க அப்படியே நினைச்சுக்கிட்டு இருக்கட்டும். அப்புறம் வெளிய போய் எங்கப்பாகிட்ட, உங்க பையன் வெளையாட்டுக்குப் பண்ணிட்டான் சார், கண்டிச்சு வைங்கன்னு மட்டும் சொல்லுங்க. அப்படியே நம்பிடுவாரு. நான் பண்ணா எல்லாம் வெளையாட்டுதான்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். எனக்கு எல்லாம் தெரியும்னு அவருக்குத் தெரிய வேணாம் மேடம். அம்மாவுக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியல. அம்மா ரெண்டு அடி போடுவாங்க, போடட்டும், நான் வாங்கிக்கிறேன். கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே வெளிய வரணும், அதுக்கு மட்டும் ஒரு நிமிஷம் குடுங்க.

யாருக்கு மேடம் போன் போடுறீங்க? கவுண்டருக்கா?

மூணுன்னா சொன்னீங்க? நிறுத்தி வச்ச மூணு டிக்கெட்டையும் விட்டுரச் சொன்னீங்களா?

எந்த சீட் போடணுமா, அவருக்கா? சன்னல் வேணாம் மேடம், சன்னலெல்லாம் அவரு தனியா நிறையப் பாத்துட்டாரு. நடுவுல போடச் சொல்லுங்க.